பதினேழாம் எண் வீட்டுப் படிவம்

நம்பாவிட்டால் போங்கள். அந்த அக்கா எழுதிக் கொடுத்த படிவம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

சரக்கு ரயிலுக்கென்று புறநகர் வழியாகத் தனிப்பாதை போட்டுக்கொண்டிருந்தோம். தூண் இறக்கும் அதிர்வில் பக்கத்து வீடுகளில் விரிசல் விழும். விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்போம். அது உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். உடனே வேலையை நிறுத்தி, ஆட்களை வெளியேற்ற வேண்டும். வாரா வாரம் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, படிவத்தில் எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவது என் வேலை.

அந்த அக்காவும் அவர் புருஷனும் குடியிருந்த பதினேழாம் எண் வீட்டில் கண்ணாடி உடைந்திருந்தது. வேலை நின்றால் என் தலைதான் உருளும். புதுக் கண்ணாடியை ஒட்டிவிட்டு, "ஒண்ணும் ஆகாதுக்கா" என்றேன். அந்த அக்கா நம்பினார். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை.

அடுத்த வியாழன். மாலை 4.10. மேலதிகாரி தொல்லை தாங்காமல் காலையிலிருந்தே போனை அணைத்து வைத்திருந்தேன். தெருமுனையில் அக்கா நின்றிருந்தார்.

"வீட்டுக்கு வர வேணாம் தம்பி. ஃபாரத்தைக் குடுங்க."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. எழுத வசதியாக வண்டி சீட்டின் மேல் வைத்துக் கொடுத்தேன். அவர் தலையில் ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட் தூள். கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்கால்... தூண் இறக்கும் டம்... டம்... சத்தமும் அன்று கேட்கவில்லை.

கையெழுத்துக்கு மேலே ஏதோ எழுதினார். குடியிருப்போர் கருத்து. நாங்கள் யாரும் படிக்காத கட்டம்.

"படிச்சுப் பாருங்க."

"ஆபீஸ்ல பாக்கறேன்கா."

"இப்பவே..."

வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

இரவு 7.40. போனை ஆன் செய்ததும் மேஸ்திரி கூப்பிட்டார்.

"எங்கய்யா போன? காலைல பதினொன்னு இருபதுக்கு பதினேழாம் நம்பர் வீடு இடிஞ்சிடுச்சு. அந்தம்மா போயிட்டாங்க. ரெண்டு மணிக்கு உடம்பை எடுத்தோம்."

"அவங்க புருஷன்?"

"ஊருக்குப் போயிருக்காராம். பக்கத்து வீட்டுல சொன்னாங்க. தேடறதை நிறுத்தியாச்சு."

ரெண்டு மணிக்கு எடுத்தார்கள் என்றால்... 4.10-க்கு?

படிவம் இருந்த பையைத் தொடப் பயம். போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். விடிய விடிய.

காலை 6.30. படிவத்தை எடுத்தேன்.

'அவர் ஊருக்குப் போகலை. உள் ரூம்ல கட்டிலுக்கடியில இருக்கார். மூச்சு இருக்கு.'

ஓடினேன்.

கத்தினேன்.

தோண்டினார்கள்.

8.15-க்கு எடுத்தார்கள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உயிர் போய் ரெண்டு மணி நேரம்தான் ஆகுது."