பீப்பாய்க்குள்ளிருந்து தட்டியவர்கள்

அந்த ஜப்பான் படத்தில் பேய்கள், முள்ளங்கி ஊறப்போட்ட பெரிய மரப் பீப்பாய்களுக்குள்ளிருந்துதான் எழுந்து வரும். ஊறுகாய்த் தொழிற்சாலையில் அநியாயமாகச் செத்துப்போன வேலைக்காரர்கள், முதலாளியைப் பழிவாங்கத் திரும்பி வருகிறார்கள், கதை அவ்வளவுதான். கையில் காசில்லாமல் எடுத்த படம் என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். முகத்துக்கு மைதா மாவு. ஒரு பிணத்தின் மணிக்கட்டில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஆறே பேர்தான் பேய்கள். கூட்டமாகக் காட்டுவதற்கு அதே ஆறு பேர் கேமராவுக்குப் பின்னால் சுற்றி ஓடி மறுபடி முன்னால் வருவார்கள். எங்கள் தொழிற்சாலைத் தோலைத் தரம் பார்க்க வந்து ஆம்பூரில் இரண்டு மாதம் தங்கியிருந்த ஜப்பான்காரர்தான் அதை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் என் ஆபீஸ் அறையில் லேப்டாப்பில் போட்டுக் காட்டினார். அவருடைய சிநேகிதர்கள் எடுத்த படமாம். மூன்றாவது பிணம் அவர்தான். திரையில் தன் முகம் வரும்போதெல்லாம் "மீ! மீ!" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பச்சைத் தோலைத் தலையில் சுமந்து, உப்புத் தண்ணீர் கழுத்தில் வழிய நடந்தவன். தோல் பதனிடும் டேனரி ஒன்றை என் கையாலேயே கட்டி நிறுத்தினேன். என் தோலில் தைத்த ஷூ எந்தெந்த நாட்டுத் தெருவில் நடக்கிறது என்று எனக்கே தெரியாது. ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கி என் பெயரைச் சொன்னால் எந்த ஆட்டோக்காரரும் வழி கேட்க மாட்டார். இதை எந்த மேடையிலும் வெட்கமில்லாமல் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அது எங்கள் மேஸ்திரியைப் பற்றியது.

மேஸ்திரியும் நானும் ஒரே நாளில் தோல் சுமக்க வந்தவர்கள். நான் முதலாளியான பிறகும் என்னை அவர் நீ என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அதுதான் பிடிக்கும். டேனரியில் தோலை ஊறப்போட்டுச் சுற்றும் மர டிரம்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு அறை அளவுக்கு. ஒட்டிக்கொண்ட தோலை இழுத்துப்போட ஆள் உள்ளே இறங்குவான். அதனால் மேஸ்திரி ஒரு பழக்கம் வைத்திருந்தார். சுவிட்சைத் தொடும் முன் கட்டையால் டிரம்மை மூன்று தட்டு தட்டி, "உள்ள யாரு?" என்று கத்தி, பதில் வராவிட்டால்தான் ஓட விடுவார். நான் வாங்கின டிரம், நான் வைத்த சுவிட்ச் என்று எனக்குத் திமிர். ஒரு நாள் சரக்குக்கு அவசரம். தட்டாமல் சுவிட்சைப் போட்டேன். உள்ளே இருந்தவர் மேஸ்திரியின் தங்கை புருஷன்.

வெளியே தெரிந்தால் டேனரியை மூடிவிடுவார்கள், இத்தனை குடும்பமும் தெருவில் நிற்கும் என்று அன்று மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பொய்யை நான்தான் கண்டுபிடித்தேன். குடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் உள்ளே இறங்கிவிட்டார் என்று மேஸ்திரி சொல்ல வேண்டியது. சொந்த மச்சான் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? செத்தவர் வாழ்நாளில் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவர். தங்கை, "எங்கண்ணன் வாயால இத சொல்லிட்டாரே" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, பிறந்த ஊரான காவேரிப்பாக்கத்துக்குத் திரும்பிப் போனாள். அண்ணனோடு பிறகு பேசவில்லை.

படத்தில் ஒரு காட்சி. ராத்திரி, பீப்பாய்களுக்கு உள்ளேயிருந்து பேய்கள் தட்டுகின்றன. முதலாளி பயந்துபோய், இடுப்பை வளைத்துக் கும்பிட்டு, இன்று விடுமுறை, நாளைக்கு வாருங்கள் என்கிறான். பேய்களும் மரியாதையாகக் குனிந்து வணங்கிவிட்டு மறுபடி தட்டுகின்றன. ஜப்பான்காரர் மேஜையைக் குத்திக்குத்திச் சிரித்தார். நான் அவரைவிட உரக்கச் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி என் முழங்கையைத் தொட்டார்.

"பாய், அவங்க தட்டுறாங்க. நாமதான் தட்டல."

எழுந்து வெளியே போய்விட்டார். திரையில் மைதா பூசிய ஆறு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜப்பான்காரர் "நோ குட்?" என்று கேட்டார். "வெரி குட்" என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி வந்தது. எந்தக் கதவையும் தட்டாமல் திறக்க முடியவில்லை. பீரோவைத் தட்டினேன். பிரிட்ஜைத் தட்டினேன். வீட்டில் சிரித்தார்கள், நானும் வேடிக்கைபோலக் காட்டிக்கொண்டேன். மேஸ்திரி வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். இரண்டு முறை வீட்டுக்கு வந்தார், இரண்டு முறையும் ஒரே பேச்சு. "என் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லு பாய். நான் சொன்னா நம்பாது. நீ சொல்லு." அடுத்த வாரம் போகலாம் என்றேன். போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். தங்கை வரவில்லை. அவளுக்காக உடலைத் தூக்காமல் வைத்துக் காத்திருந்தார்கள். நான் தெருமுனையில் காரில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் காவேரிப்பாக்கம் போனேன். ஏரிக்கரைப் பக்கத்துத் தெரு. வாசலிலேயே நின்று முழுவதையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. தெருவில் இறங்கி அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாள்.

"இந்த பாய் ஒரு சேதி சொல்ல வந்துக்கிறாரு. எல்லாரும் கேட்டுக்குங்க. பாய், என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு. சத்தமா."

சொன்னேன். ஒரு கிழவி தாமதமாக வந்து, "இன்னாவாம்?" என்றாள். "அதுக்கும் சொல்லு பாய், மொதல்ல இருந்து" என்றாள் தங்கை. சைக்கிளில் போனவரை நிறுத்தினாள். அவருக்கும் சொன்னேன். எவ்வளவோ மேடையில் பேசிய வாய் இது. அங்கே ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். "அவரு குடிக்கல" என்று நான் முடிக்கும்போதெல்லாம் அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், பாடம் ஒப்பிப்பவனைச் சரிபார்ப்பதுபோல.

எல்லோரும் கலைந்த பிறகு கதவைப் பூட்டினாள். "ஆம்பூருதானே போற? அண்ணன் வூட்டுல என்ன எறக்கி வுடு." காரில் டிரைவருக்குப் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்தாள், நான் பின்சீட்டில். ராணிப்பேட்டை, வேலூர் தாண்டியது. பள்ளிகொண்டா வரும்போது திரும்பாமலே கேட்டாள்.

"கடைசில எங்கண்ணன் என்னப் பத்திக் கேட்டுச்சா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபம்.

"கேட்டாரும்மா. உன்கிட்ட வந்து சொல்லச் சொல்லி என் வூட்டுக்கே ரெண்டு தபா வந்தாரு. நான்தான் வரல."

முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். டிரைவர் வண்டியை ஓரங்கட்டப் பார்த்தான்.

"நிறுத்தாத. போ" என்றாள். "ஏற்கெனவே லேட்டாய்டுச்சு."