கேமராவுக்குப் பிடித்த காந்தள்

மலையையும் பூவையுமே வரைகிறீர்களே, உங்களுக்கு உந்துதல் எது என்று கேட்டுக்கொண்டு பத்திரிகையிலிருந்து யாராவது வந்துவிடுகிறார்கள். வயிற்றெரிச்சல் என்று சொல்வேன். வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். பிறகு இயற்கையின் மேல் எனக்குள்ள காதல் என்று அவர்களாகவே எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். காதலாவது கத்தரிக்காயாவது. குற்றாலத்தில், அத்தனை பச்சைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஏழெட்டு வருஷம் கருப்பையும் வெள்ளையையும் குழைத்துப் பூ வரைந்தவன் நான். அதைக் கேட்க ஒருவருக்கும் பொறுமை இருந்ததில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

எங்களுக்கு வடகரை. வீட்டுக்குப் பின்னால் வயல், வயலைத் தாண்டித் தென்னந்தோப்பு, அதையும் தாண்டி மலை. ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் மலை காலையில் ஒரு நிறமாக இருக்கும், மத்தியானம் இன்னொரு நிறமாக இருக்கும், சாயங்காலம் இருக்கவே இருக்காது, மேகம் மூடிவிடும். வேலியெல்லாம் காந்தள் ஏறிக் கிடக்கும். ஊரில் அதைக் கண்வலிப்பூ என்பார்கள். கிழங்கு விஷம், தொடாதே என்று பிள்ளைகளை விரட்டுவார்கள். விரியும்போது பச்சை, பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் இந்த நிறம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். மஞ்சளையும் செங்கல்லையும் உரசி, அந்தச் சிவப்பைக் காகிதத்தில் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "மாட்டைப் பாக்கச் சொன்னா பூவைப் பாத்துக்கிட்டு நிக்கே, வெளங்குமாலே" என்று அப்பா கேட்பார். விளங்கவில்லைதான். எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறினேன். படம் போட வருகிறவனுக்குக் குற்றாலத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஐம்பதுகளின் நடுவில் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

சேருவதற்கு முன் சித்திர சபைக்குள் போய் நின்றேன். சாமியே அங்கே ஓவியமாகத்தான் ஆடுகிறார். மூலிகைச் சாற்றில் போட்ட சிவப்பும் பச்சையும் சுவர் முழுக்க. இப்படி ஒரு ஊரில் வேலை கிடைத்ததே, நம் அதிர்ஷ்டம் என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வேலை என்னவென்றால், நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் திரைக்குப் படம் வரைவது. சீசனுக்கு வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலை காய்ந்து, நல்ல துணி உடுத்தி, குடும்பத்தோடு ஸ்டூடியோவுக்கு வருவார்கள். நிஜ அருவி கூப்பிடு தூரத்தில் விழுந்துகொண்டிருக்கும். அந்தச் சாரலுக்குள் கேமராவைக் கொண்டுபோக முடியாது. ஆகவே துணியில் வரைந்த அருவிக்கு முன்னால் நின்று, குற்றாலம் போய் வந்ததற்கு அத்தாட்சியாக ஒரு படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கடைக்காரரை எல்லாரையும் போல நானும் அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். நல்ல மனுஷன். சாப்பாட்டில் ஒரு குறை வைத்ததில்லை, ஒருநாள் கை நீட்டியதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் தப்பித்து ஓடியிருப்பேன்.

முதல் திரைக்கே ஆசை ஆசையாகச் செம்பருத்தி போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சிவப்பு. தென்காசியிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனது. படத்தை வாங்கிப் பார்த்த மாப்பிள்ளையின் அப்பா, அட்டையைக் கையில் பிடித்தபடி கடை வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"கல்யாணப் பொண்ணு தலைக்குப் பின்னால இத்தனை காக்கா எங்கன இருந்துய்யா வந்துச்சு" என்றார்.

பார்த்தால் அவர் சொன்னது சரி. என் செம்பருத்தி எல்லாம் கன்னங்கரேலென்று இருந்தது. அபசகுனம் என்று தெருவே கூடிவிட்டது. அண்ணாச்சி கையைக் காலைப் பிடித்து, வேறு திரை போட்டு மறுபடியும் எடுத்துக்கொடுத்து அனுப்பினார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"கேமராவுல போடுற பிளேட்டுக்குச் செகப்பு தெரியாதுலே. செகப்பைக் கருப்பா எடுத்துக்கிடும். நீலத்தை வெள்ளையாக்கிரும். நீ என்ன கலர்ல போட்டாலும் அங்கன விழுறது கருப்பும் வெள்ளையுந்தான். அப்புறம் என்ன எழவுக்குக் கலரு?"

சிவப்பு, மஞ்சள், பச்சை டப்பாக்களை எடுத்துப் பரண் மேல் வைத்தார். கரியும் வெள்ளைப் பொடியும் வஜ்ஜிரப் பசையும் கலந்து, வெளுப்பிலிருந்து கருப்பு வரை ஐந்து டப்பா சாம்பல் நிறம் செய்யச் சொன்னார். எந்தப் பூ எந்த டப்பா என்று கணக்குச் சொல்லிக்கொடுத்தார். சிவப்புப் பூவென்றால் இரண்டாம் டப்பா. வெள்ளை தூக்கலாக இருக்க வேண்டும், அப்போதுதான் படத்தில் பூவாகத் தெரியும். இலைக்கு நான்கு. மலைக்கு மூன்று. மேகத்துக்கு ஒன்று.

அதன்படி வரைந்தேன். வரைந்ததாவது இந்த ஊர்ப் பூவா என்றால் அதுவும் இல்லை. ரோஜா வேண்டும், குளத்தில் அன்னம் வேண்டும், துரை வீட்டுப் படிக்கட்டு வேண்டும். ஒருமுறை அண்ணாச்சிக்குத் தெரியாமல் திரை ஓரத்தில் காந்தள் ஒன்றை ஏற்றிவிட்டேன். "கண்வலிப்பூவை எவம்லே கல்யாணப் போட்டோவுல வைப்பான்" என்று அதை அழிக்கச் சொன்னார். துணிக்கு என்ன பஞ்சமோ, ஒரு திரை பழசானால் அதன் மேலேயே வெள்ளை பூசி அடுத்ததை வரைய வேண்டும். நான் வரைந்ததை நானே பூசி மூடுவேன். சாயங்காலம் கடையிலிருந்து வெளியே வந்தால் கண்ணுக்கு முன்னால் திரிகூட மலை முழுக்கப் பச்சையாக நிற்கும். ஆத்திரமாக வரும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சீசன். மதராஸில் துணி வியாபாரம் செய்கிற ஒரு பணக்காரர், ஐந்தருவி போகும் வழியில் பங்களா வைத்திருந்தவர், படம் எடுக்கக் கடைக்கு வந்தார். சுவரில் நான் பென்சிலால் வரைந்து ஒட்டியிருந்த காந்தளைப் பார்த்துவிட்டு, யார் வரைந்தது என்று கேட்டார். அண்ணாச்சி என்னைக் காட்டினார்.

"எங்க ஹாலுக்குப் பெரிசா ஒரு படம் வேணும்பா. நம்ம வராண்டாவிலேருந்து தெரியற மலை, முன்னாடி இந்தப் பூ. ஆயில் பெயிண்ட்ல. பெயிண்ட் நான் வரவழைச்சுத் தரேன். நல்லா வந்துதுன்னா உன்னை மதராஸ்ல ஓவியப் பள்ளியில சேர்த்துவிடறேன். படிச்சு முடிக்கிற வரைக்கும் என் வீட்டிலேயே இருந்துக்கலாம்" என்றார்.

அண்ணாச்சியிடம் உடனே லீவு கேட்டேன். சீசன் நேரத்தில் கிடையாது என்று சொல்லிவிட்டார். "இப்பம் போனேன்னா திரும்ப வரப்படாது பாத்துக்கோ" என்றார். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். வடகரையில் அம்மை, "என் மவன் மதராஸுல போயி படிக்கப் போறாம்லா" என்று வீடு வீடாகச் சொல்லி முடித்துவிட்டாள். என் சட்டைகளைத் துவைத்து மடித்துத் தகரப்பெட்டியிலும் வைத்துவிட்டாள். இனி அந்தப் படம் நன்றாக வந்தே ஆக வேண்டும்.

மரப்பெட்டியில் டியூப் டியூபாக வண்ணம் வந்தது. சிவப்பிலேயே மூன்று வகை. திறந்து முகர்ந்து பார்த்தேன், அழுகை வந்துவிட்டது. முதல்நாள் காலை வராண்டாவில் துணியை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கை எதை எடுத்துப் பிதுக்கியது தெரியுமா? கருப்பையும் வெள்ளையையும். பழக்கதோஷம், போகப்போகச் சரியாகிவிடும் என்று வழித்துப் போட்டேன்.

சரியாகவில்லை. மலையைப் பார்த்தால் மூன்றாம் டப்பா என்று மனசு சொல்கிறது. மேகத்தைப் பார்த்தால் ஒன்று. ஈரப் பாறையில் காசித்தும்பை பூத்திருக்கிறது, அதற்கும் ஒரு நம்பர் வருகிறது. வேலியிலிருந்து காந்தளைக் கொடியோடு பறித்துவந்து, தண்ணீர் நிறைந்த செம்பில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வரைந்தேன். சாயங்காலம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நான் வரைந்தது பலமுறை வெளுத்த சேலை மாதிரி இருக்கிறது. கத்தியால் சுரண்டிவிட்டு மறுநாள் மறுபடியும் போட்டேன். சுத்தச் சிவப்பாகத்தான் தொடங்குவேன். கடைசி நேரத்தில், எனக்கே தெரியாமல், தூரிகை நுனி போய் வெள்ளையைத் தொட்டுக்கொண்டு வந்துவிடும். என் கையை நானே வாய்க்கு வந்தபடி ஏசினேன். இப்போதும் பூ வரைய உட்காரும்போது வெள்ளை டியூபை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். பழைய கடனைத் தீர்க்கிற வெறி. இதைத்தான் இவர்கள் இயற்கை மேல் காதல் என்கிறார்கள்.

ஆடி முடியப்போகிறது என்றதும் பங்களாக்காரர் அவசரப்படுத்தினார். மதராஸிலிருந்து அவர் வீட்டார் எல்லாரும் வந்துவிட்டார்கள். இதற்கு மேல் சுரண்டத் துணியிலும் இடமில்லை. படத்தை ஹாலில் சாத்திவைத்துவிட்டு ஓரமாக நின்றேன். குப்பையில் போடு என்று அவர் சொல்லியிருந்தால்கூட, பரவாயில்லை, இந்த மனுஷனுக்குக் கண் இருக்கிறது என்று காலில் விழுந்து இன்னொரு மாசம் கேட்டிருப்பேன்.

அவர் பார்த்தார். முகம் மலர்ந்துபோய்விட்டது.

"அடடா, போட்டோ எடுத்த மாதிரின்னா எடுத்த மாதிரி. அச்சு அசல் போட்டோவேதான்" என்றார். வந்திருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கலர் பூசின போட்டோ என்று ஒரு அம்மாள் சொன்னார். இத்தனை பேரும் சேர்ந்து பாராட்டினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. இதற்கு முன்னால் நின்று குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்ல, ஆளை அனுப்பி அண்ணாச்சியைக் கேமராவோடு வரவழைத்தார்கள். பெரியவர்கள் உட்கார நாற்காலிகளை வரிசையாகப் போட்டது நான்தான். சாரல் ஈரத்தில் வண்ணம் காயவில்லை, பின்னால் சாய்ந்துவிடாதீர்கள் என்று சொன்னதும் நான்தான்.

எல்லாம் முடிந்து காப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது பங்களாக்காரரிடம் போனேன்.

"ஐயா, மதராஸுக்கு எப்பம் வரணும்னு சொன்னீங்கன்னா..." என்று இழுத்தேன்.

அவருக்கு ஏதோ நான் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது போல ஆச்சரியம். "உனக்கு எதுக்குப்பா படிப்பு? இதுக்கு மேல அவங்க என்னத்தைக் கத்துக்கொடுக்கப்போறாங்க? போய்ச் சேர்ந்தேன்னா இருக்கற கையும் கெட்டுப்போயிடும். உன் கை தெய்வக் கைப்பா" என்று தோளில் தட்டினார். மனசாரச் சொன்னார். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. பாராட்டிக்கொண்டே என் கழுத்தை அறுத்தார், அவருக்கே அது தெரியாது. வேட்டியும் துண்டும் வைத்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

அண்ணாச்சி கேமராவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். வா என்று அவர் கூப்பிடவில்லை. கேமரா முக்காலியை எடுத்து நானாகவே தோளில் வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் சாரலில் நனைந்துகொண்டு ரோட்டில் இறங்கினோம். அம்மையிடம் போய் என்ன சொல்வது என்ற ஒன்றுதான் மனசில் ஓடியது. கொஞ்ச தூரம் போனதும் அண்ணாச்சி நின்றார்.

"கருப்புத் துணிக்குள்ள தலையை விட்டுப் பாத்தேன்லே. அந்தப் பூவுக்குச் செகப்பை அப்படியே அப்பாம, உள்ளூர வெள்ளை கலந்துருக்கே பாரு, பிளேட்டுல அருமையா விழும். மலைக்கும் சாம்பல் கச்சிதம். ஒருத்தரும் பக்கத்துல நின்னு சொல்லாம நீயாவே செஞ்சிருக்கே. இப்பத்தாம்லே உனக்குத் தொழில் படிஞ்சிருக்கு."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறிவிட்ட சந்தோஷம். ஹாலில் அத்தனை பேர் பார்த்தார்கள். அந்தப் படத்தை உள்ளபடி பார்த்தவர் இவர் ஒருவர்தான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இருந்திருந்தால், தோளில் இருந்த முக்காலியை எடுத்து அங்கேயே அவர் மண்டையில் போட்டிருப்பேன். பொய் இல்லை. முக்காலியைத் தோள் மாற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் கடைக்கு நடந்தேன்.