அந்தக் கொஞ்சத்தில் யார்

என் அம்மா பாத்திமா மேரி, பட்டுக்கோட்டைக்குத் தெற்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவிலிருக்கும் ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தார். அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நர்ஸம்மா, அவ்வளவுதான். ஓய்வு பெற்ற மறுவருடம் இடது மார்பில் கட்டி வந்தது.

தஞ்சாவூரில் ஆபரேஷன் முடிந்து திசுப் பரிசோதனை அறிக்கை வந்த அன்று, ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்னால் அவரே அதைப் படித்துவிட்டிருந்தார். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது ரிசப்டர், பாசிட்டிவ் என்ற வரியில் விரலை வைத்தார்.

"ஜெனி, இந்தக் கட்டி ஹார்மோனைத் தின்னுதான் வளருதா?"

ஆமாம் என்றேன். ஹார்மோனைத் தடுக்க மாத்திரை இருக்கிறது, அதனால் இந்த வகை பரவாயில்லை என்றும் சொன்னேன். அவர் காபியைத் தள்ளி வைத்தார்.

"அப்ப நான் குடுத்த மாத்திரை?"

அவர் கொடுத்தது கருத்தடை மாத்திரை. சிவப்பு முக்கோணம் போட்டு அரசாங்கம் இலவசமாகத் தரும் அட்டை. அதில் இருப்பதும் ஹார்மோன்தான். அதைப் பையில் போட்டுக்கொண்டு முதலில் சைக்கிளிலும் பிறகு டிவிஎஸ் ஃபிஃப்டியிலும் வேலைக்காலம் முழுக்க வீடு வீடாகப் போனார்.

வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு பெண், ஐந்தாவது பிரசவத்தில், பட்டுக்கோட்டை போகும் வழியில் உர மூட்டை ஏற்றும் வேனிலேயே இரத்தம் போய் இறந்தாள். அவள் தலை அம்மாவின் மடியில் இருந்தது. அதற்குப் பிறகு மாத்திரை கொடுப்பதில் அம்மாவுக்குத் தயக்கமே இருந்ததில்லை. தயங்கியவர்கள் பெண்கள்தான். உடம்புக்குச் சூடு, கர்ப்பப்பை வற்றிவிடும், அப்புறம் பிள்ளையே தங்காது என்றார்கள். பேசிப் பார்த்த அம்மா ஒருநாள் அட்டையைப் பிரித்து, அவர்கள் முன்னாலேயே ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அப்போது நான் கைக்குழந்தை. அதன் பிறகு சில வருடங்கள் ஒருநாள் விடாமல் சாப்பிட்டார். எனக்குத் தம்பி தங்கை இல்லை.

நாங்கள் கத்தோலிக்கர்கள். கோயிலில் இது பாவம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் இதைப் பற்றிக் கேட்டபோது, "இதுக்குத்தான் சாமி எனக்குச் சம்பளம். பாவம்னா கலெக்டர் மேல எழுதிக்கிங்க" என்று சொல்லிவிட்டு வந்ததாக அப்பா சிங்கராயர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அம்மா மறுத்ததில்லை.

நான் ரசாயனம் படித்தவள். சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஏற்றுமதியாகும் உணவுப்பொருள்களில் பூச்சிக்கொல்லி எச்சம் அளக்கிறேன். கேன்டீனில் அவருக்குத் தெளிவாகவே எடுத்துச் சொன்னேன். மாத்திரை சாப்பிடும் காலத்தில் மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. நிறுத்தினால் சில வருடங்களில் அந்தக் கூடுதல் மெல்ல மறைகிறது. சினைப்பையிலும் கர்ப்பப்பையிலும் வரும் புற்றுநோய் குறைகிறது. அவர் நிறுத்தியே பல காலம் ஆகிவிட்டது. இந்த வகைக் கட்டி, மாத்திரையைக் கண்ணால் பார்க்காத பெண்களுக்கும் வருகிறது.

அரசுப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருப்பதுபோல் முழுக்கக் கேட்டார். பிறகு கேட்டார்.

"கொஞ்சம் கூடுதுங்கிறியே. அந்தக் கொஞ்சத்துல யாரு இருக்கா?"

அதில் பெயர்கள் இருக்காது, அது மொத்தத்தின் கணக்கு என்றேன்.

"எனக்கு எல்லாரு பேரும் தெரியும்" என்றார்.

கீமோவின் இரண்டாம் சுற்று முடிந்து காலில் கொஞ்சம் பலம் வந்ததும், தான் மாத்திரை கொடுத்த பெண்களைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா கத்தினார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வண்டி ஓட்டினேன். முடி போன தலையில் துண்டைக் கட்டி, முகக்கவசம் போட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். வீடுகளுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று ஒவ்வொருவரையும் ஒரே கேள்விதான் கேட்டார். மார்பில் கட்டி, தடிப்பு, காம்பில் கசிவு ஏதாவது உண்டா? எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று காட்டிக் கொடுத்தார். பலரும் அவர் தலையைப் பார்த்துப் பயந்தார்கள். அது அவருக்குப் புரிந்தது. "அன்னைக்கும் என்னைப் பாத்துத்தான் சாப்புட்டாங்க. இன்னைக்கும் என்னைத்தான் பாக்குறாங்க" என்றார் ஒருமுறை, வண்டியில்.

கமருன்னிஸா வீட்டில் மட்டும் சிரிப்பு வந்தது. அம்மாவிடம் மாதம் தவறாமல் அட்டை வாங்கியவர் அவர். கேள்வியைக் கேட்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க நர்ஸம்மா. நான் ஒண்ணுகூட முழுங்கல. கரைச்சு மல்லிச் செடிக்கு ஊத்துனா கொத்துக் கொத்தாப் பூக்கும்னு எங்க மாமியார் சொல்லுச்சு."

"பூத்துச்சா?"

"நீங்களே எங்க வீட்டுப் பூவ வாங்கித் தலையில வச்சிருக்கீங்களே."

"அடிப் பாவி. உனக்கு அஞ்சு புள்ளை எப்படின்னு இன்னைக்குத்தான் தெரியுது."

அம்மா இருமல் வரும்வரை சிரித்தார். திரும்பும் வழியில், செடிக்கு ஊற்றியது எங்கே போகும் என்று கேட்டார். கொஞ்சம் மண்ணில் சிதையும், கொஞ்சம் தண்ணீரோடு போகும் என்றேன். மறுபடி கொஞ்சம் என்கிறாயே என்றார்.

அடுத்து பிரகதீஸ்வரி. மாத்திரையை வாங்க மறுத்தவர்களில் அவர் ஒருவர். ஆகவே அந்த வீட்டுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. வழியில் வணக்கம் சொன்னார் என்று நின்றோம். அவரும் கணவர் துரைக்கண்ணுவும் தோப்புகளில் வேருக்கு மருந்து கட்டுகிறவர்கள். இங்கே பூச்சிக்கொல்லிக்குப் பெயர் மருந்துதான். மரத்தடியில் மண்ணைப் பறித்து, பென்சில் பருமனில் ஓர் இளம் வேரைப் பிடித்து, நுனியைச் சாய்வாக வெட்டி, மருந்தும் தண்ணீரும் ஊற்றிய சின்னப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டு நூலால் கட்டுவார்கள். மரம் உறிஞ்சிக்கொள்ளும். கஜா புயலில் பாதித் தோப்பு சாய்ந்த பிறகு, மிச்சத்தைக் காப்பாற்றத் தோப்புக்காரர்கள் எல்லோரும் கட்டச் சொன்னார்கள். துரைக்கண்ணு மருந்தை அளந்து ஊற்றுவார். விரல் மெலிதானது என்று வேரை உள்ளே விட்டுக் கட்டுவது பிரகதீஸ்வரி. வெறுங்கை. அவருக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. அம்மாவுக்கு அது தெரியும்.

அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் பிரகதீஸ்வரி. சொன்ன வேகம் சரியில்லை. அம்மா அவரை வீட்டுக்குள் கூட்டிப்போய்த் தன் ரவிக்கையை அவிழ்த்துத் தையல் போட்ட இடத்தைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அவர் தன்னுடையதைக் காட்டினார். எலுமிச்சை அளவு இருந்தது. போன பொங்கலிலிருந்தே இருக்கிறதாம்.

வெளியே வந்த அம்மா துரைக்கண்ணுவிடம், மருந்து கட்டினால் காய் பறிக்க எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும் என்று கேட்டார். ஒன்றரை மாதம் என்றார் அவர், பாடம் ஒப்பிப்பதுபோல.

"காய்க்கு ஒன்றரை மாசம் கெடு வச்சிருக்கான். இவ கைக்கு என்ன கெடு வச்சான்?"

துரைக்கண்ணு என்னைப் பார்த்தார். கெடு முடிந்த காய்கள் சிலவற்றை எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். எங்கள் கருவி கண்டுபிடிக்கும் அளவுக்கு எதுவும் இல்லை. காய் சுத்தம். கையை அளக்க எங்களிடம் முறை கிடையாது. இந்த மாதிரி மருந்துகளில் சில, விலங்குகளில் ஹார்மோனைக் குலைப்பதைக் காட்டிய ஆய்வுகள் உண்டு. கரு தங்காததோடு சேர்த்துச் சந்தேகப்பட்ட ஆய்வுகளும் உண்டு. பிரகதீஸ்வரியின் கட்டிக்கு அதுதான் காரணம் என்று கையெழுத்துப் போட என்னால் முடியாது. இல்லை என்றும் போட முடியாது.

அம்மாவே அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். சில நாள் கழித்து, அறிக்கையை வாங்கிக்கொண்டு துரைக்கண்ணு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அசோகா அல்வாப் பொட்டலம்.

"எல்லாம் நெகட்டிவ் நர்ஸம்மா. மூணும் நெகட்டிவ்."

கொரோனாவில் ஊர் முழுக்கக் கற்றுக்கொண்ட சொல். நெகட்டிவ் என்றால் நோய் இல்லை, வீட்டுக்குப் போகலாம். அம்மா அறிக்கையை வாங்கிப் படித்தார். மூன்று ஏற்பிகளும் நெகட்டிவ். மாத்திரை பிடித்துக்கொள்ள எந்த ஏற்பியும் இல்லாத கட்டி. அம்மாவுக்குக் கொடுக்கும் ஹார்மோன் தடுப்பு மாத்திரை அதன் பக்கத்தில்கூடப் போகாது. வேகமாக வளரும் வகை. அம்மா பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். துரைக்கண்ணுவுக்கும் ஒரு துண்டு கொடுத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு உட்காரச் சொல்லி விளக்கினார். அவர் வெகுநேரம் அறிக்கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். பிரகதீஸ்வரி மாத்திரை சாப்பிட்டதே இல்லை, அப்படியும் வந்திருக்கிறது, இனிமேலாவது அந்தக் கேள்வியை விடுங்கள்.

"அவளுக்கு வந்ததுக்கு நான் காரணம் இல்ல. சரி. மத்தவங்களுக்கு?"

மறு வருடம் நோய் அவர் நுரையீரலுக்குப் போனது. ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தபோது கடைசியாக அந்தக் கேள்வியைக் கேட்டார். இம்முறை அம்மாவாக இல்லை, நர்ஸம்மாவாக, வேலைக் கணக்குக் கேட்கும் குரலில்.

"என் மாத்திரையால ஒருத்திக்காவது வந்திருக்குமா? சமாதானம் சொல்லாத."

"வந்திருக்கலாம்" என்றேன். "அதால பிரசவத்துல சாகாம தப்பிச்சவங்க அதைவிட அதிகம்."

"பொழைச்சவளுக்கு, தான் பொழைச்சதே தெரியாதுடி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பிரகதீஸ்வரிக்கு அடுத்த கீமோ ஊசி என்றைக்கு என்று கேட்டார். சொன்னேன். அந்த ஊசி நாளுக்கு முன்பே அம்மா இறந்தார்.

அடக்கத்துக்கு எல்லா ஊர்ப் பெண்களும் வந்தார்கள். பிரகதீஸ்வரி தலையில் துண்டோடு, பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். கமருன்னிஸாவின் மருமகள் ஹுமைரா என்னைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டாள். இரண்டு சிசேரியன் ஆனவள். இன்னொன்று இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"நான் அந்த மாத்திரைதான் சாப்புடுறேன் அக்கா. இவங்களைப் பாத்துட்டுப் பயமா இருக்கு. நிறுத்திடவா? நர்ஸம்மா இருந்தா ஒரே வார்த்தையில சொல்லியிருப்பாங்க."

உண்மை. முன்பென்றால் சொல்லியிருப்பார்.

"நீங்க சாப்புடுறீங்களா அக்கா?"

சாப்பிட்டேன். அம்மாவுக்கு வந்த பிறகு டாக்டரைக் கேட்டு நிறுத்தினேன். இதைச் சொன்னால் அவள் இன்றிரவே அட்டையைத் தூக்கிப் போடுவாள். சொல்லாவிட்டால், அம்மாவைப் போலில்லாமல், என் உடம்பை மறைத்துவைத்து அவளுக்கு வழி சொன்னவளாவேன்.

சொன்னேன். அவள் முகம் மாறியது. கையைப் பிடித்து உட்காரவைத்தேன். என் அம்மாவுக்கு வந்ததால் என் கணக்கு வேறு என்றேன். உன் அம்மா, சித்தி, அக்கா யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டேன். யோசித்து, பெயர் பெயராகச் சொல்லத் தொடங்கினாள்.

பெட்டியை மூடப் போகிறார்கள், சாமியார் காத்திருக்கிறார் என்று அப்பா வந்து நின்றார். ஹுமைரா எழுந்துகொண்டாள். அவளை மறுபடி உட்காரச் சொன்னேன். அவள் இன்னும் சித்திவரைதான் வந்திருந்தாள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க என்றேன் அப்பாவிடம்.