உப்பு சுற்றிக்கொண்ட நடிகர்

அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில், எங்கள் பக்கத்து வீட்டு அமெரிக்கர் ஒரு நடிகர். நெட்டை, குழிவிழுந்த கன்னம். நாடகமோ டிவியோ, பாதியில் செத்துப்போகும் வேடங்கள்தான் கிடைக்கும். எதிரே யார் வந்தாலும் தொப்பியைக் கழற்றி, மேடையில் கைதட்டல் வாங்குபவர்போல் தலைகுனிவார்.

டிவியில் அவரைச் சவப்பெட்டியில் பார்த்த மறுநாள், என் மனைவி கை நிறையக் கல் உப்போடு அவரிடம் ஓடினாள்.

“நல்லா இருக்கிற மனுஷனை இப்படியா படுக்க வைப்பாங்க? அங்கிள், ஒரு நிமிஷம் நில்லுங்க!” என்று தமிழிலேயே சொல்லி, உப்பை அவர் தலையைச் சுற்றிப் போட்டாள்.

பிணமாக நடித்தவரைத் திருஷ்டி கழிக்காமல் எங்கள் ஊர் ஷூட்டிங்கில் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எத்தனையோ வருஷமா செத்துக்கிட்டிருக்கேன். நல்லா செத்தேன்னு எல்லாரும் கை தட்டியிருக்காங்க. பதறினது உங்க வைஃப் மட்டும்தான்,” என்றார்.

அதன்பின் ஒவ்வொரு முறை செத்துவிட்டு வந்ததும், எங்கள் வாசலில் தொப்பியைக் கழற்றி நிற்பார்.

போன வருடம் வீட்டை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார். இப்போதும் டிவியில் அவர் சாகப்போகும் காட்சி வந்தால், ரிமோட்டை அழுத்தி அவரை அப்படியே நிறுத்திவிடுகிறேன். மனைவி உப்பு எடுத்து வரவேண்டும்.