விடுபட்ட ஒரு ‘ப்’

தி.நகரில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. கண் போய்விட்டது, பொறுமை அதற்கு முன்பே போய்விட்டது. அந்தப் பிரபல நாவலாசிரியரின் புது நாவல் மேஜைக்கு வந்தபோதும் அலுப்போடுதான் பிரித்தேன்.

மயிலாப்பூரை எழுதும்போது அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மருமகள் போட்ட காபியை ஒரு மடக்கு குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டம்ளரைத் தள்ளி வைக்கிற மாமியார் ஒருத்தி வருவாள். அவளுக்காகவே மற்றதையெல்லாம் மன்னிக்கலாம். கூவத்தைத் தாண்டினால்தான் மனிதருக்குக் கை ஓடாது. அங்கே ஆண்கள் குடிப்பார்கள், பெண்கள் அழுவார்கள், நடுவில் ஒருவர் சமூகநீதி பற்றி இரண்டு பக்கம் பேசுவார். ‘இன்னா’வும் ‘கீது’வும் உப்பு மாதிரித் தூவியிருக்கும்.

என் அம்மா அவருடைய பரம ரசிகை. சிந்தாதிரிப்பேட்டை ஆற்றோரத்தில் எங்கள் வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்ட பிறகும், கோபாலபுரத்துக்குச் சமையல் வேலைக்குப் போகிற பஸ்ஸில் அவருடைய தொடர்கதையைத்தான் படிப்பாள். இந்த நாவலில் அப்படி வீடுகளை இடிக்கிற அத்தியாயம் ஒன்று இருந்தது. ஆசையாகக் கேட்டாளே என்று ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கங்களைக் கொடுத்தேன்.

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“இன்னாடா இது, அந்தம்மா ஆபீசர் கால புட்சிக்கினு அழுவுது? நம்ம தெருவுல யாரு கால புட்சா? நான் ஊட்ட பெருக்கி, பூட்டு போட்டுக்கினு இல்ல வந்தேன். பாவம், அவருக்குத் தெரியாது. நீ சொல்லு, மாத்திடுவாரு.”

அந்த நம்பிக்கைதான் என்னைப் படுத்தியது. மறுநாள் அவருக்குப் போன் செய்து, அந்தப் பெண் கதவைப் பூட்டிவிட்டு வந்தால் என்ன என்று கேட்டேன்.

“இடிக்கப்போற வீட்டை யாராவது பூட்டுவாளா? படிக்கறவா சிரிப்பா,” என்றார், கோபமில்லாமல். “நீங்க ஒற்றுப்பிழை மட்டும் பாருங்கோ, போதும்.”

எங்கள் அம்மா பூட்டினாள் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். போனை வைத்துவிட்டேன். இந்த வயதில் இன்னொரு வேலை தேடத் தெம்பில்லை. வெட்கமாக இருந்தது.

ஒற்றைப் பார்த்தேன். ‘அதிகாரியின் காலை பிடித்துக் கதறினாள்’ என்றிருந்தது. அப்படியே விட்டால் யாராவது காலைப்பொழுது என்று படித்துத் தொலைப்பார்கள். சிவப்பு மையில் ஒரு ‘ப்’ போட்டேன். காலைப் பிடித்து. இலக்கணப்படி இப்போது சரி.

புத்தகம் வந்ததும் அம்மா நேராக அந்தப் பக்கத்தைத்தான் பிரித்தாள். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

“நீ திருத்துன புக்குதானே இது?” என்றாள்.

ஆமாம் என்றேன்.