பாண்டிமீனாவின் வெள்ளிக்கிழமைகள்

“கையக் காட்டுங்க” என்பார் பாண்டிமீனா. வருகிறவரின் முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். மாலை ஐந்தேகாலுக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் ஊர் முனையில் வந்து நிற்கும். இறங்குகிறவர்களில் ஏழெட்டுப் பேர் வீட்டுக்குப் போகாமல் நேரே நூலகத்துக்கு வருவார்கள். கம்பெனியிலேயே கை கழுவியிருந்தாலும், நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாய் மினுங்கும். அதற்காக வாசலில் ஒரு வாளி நீரும், சோப்புத் துண்டும், கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பழைய பல்துலக்கி ஒன்றும் உண்டு.

“கல்யாண வீட்ல கூட நான் இம்புட்டுக் கழுவுனதில்லக்கா. இங்க என்ன பொஸ்தகம் படிக்கவா, பந்தியில உக்காரவா?” என்று முத்துப்பேச்சி கேட்பார். தரைச் சக்கரப் பட்டாசு சுற்றும் வேலையில் இருபது ஆண்டு இருப்பவர். துப்பறியும் கதைகளை மட்டுமே படிப்பவர்.

“பந்தின்னா எலைய மடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவீக. இத நாளைக்கு இன்னொருத்தர் தொறக்கணும்ல?” என்பார் பாண்டிமீனா. பல்துலக்கியைத் தாமே எடுத்து முத்துப்பேச்சியின் கையில் கொடுப்பார்.

தாயில்பட்டியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர் ஒன்றின் நூலகம் அது. ஓர் அறை, நான்கு ஜன்னல், ஒரு நூலகர். கூட்டுகிறவரும் அவர், நூல் வழங்குகிறவரும் அவர், மழைக்கு ஒழுகும் மூலையில் பாத்திரம் வைக்கிறவரும் அவர். இப்படிப் பத்தொன்பது ஆண்டுகள். காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலையாகத் தேதி முத்திரையின் சக்கரத்தைத் திருப்பிப் பழைய காகிதத்தில் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். எழுத்துத் தெளிவாக விழுந்தால்தான் ஜன்னல்களைத் திறப்பார்.

நூல்களை எண் வரிசை பிறழாமல் அடுக்கவேண்டும் என்பது அவர் சான்றிதழ்ப் படிப்பில் கற்ற முதற்பாடம். அதனை ஓரிடத்தில் மட்டும் மீறியிருக்கிறார். தீப்புண்ணுக்கு முதலுதவி கூறும் மூன்று நூல்கள் மருத்துவ வரிசையில், பின்சுவர் ஓரம் இருக்கவேண்டியவை. அவற்றை நாளிதழ் மேசையின்மீது வைத்திருக்கிறார். காலை வேனுக்குக் காத்திருக்கும் பெண்கள் உள்ளே வந்து, உட்காராமலே அவற்றைப் புரட்டிவிட்டுப் போகிறார்கள். மூன்றில் ஒன்றுக்கு அட்டை இரண்டு முறை மாறிவிட்டது.

அங்கே நாள்தோறும் படிக்கப் போகிறவள் நான். ஒரு நாள் நாளிதழை மடித்து வைத்தபோது அந்த நூல்களைக் காட்டிச் சொன்னார்: “இப்படி எடம் மாத்தி வச்சது சரியா தப்பான்னு கேக்க எனக்கு ஒரு ஆளு இல்லம்மா. படிக்க வாரவுககிட்டக் கேட்டா, ‘நீங்க செஞ்சா சரியாத்தேன் இருக்கும்’ங்காக. அது ஒரு பதிலா?”

ஆசிரியர்களுக்கு ஓய்வறை இருக்கிறது. செவிலியர்கள் பணி மாறும்போது ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்கள். ஓரறை நூலகத்தின் நூலகருக்கு அத்தகைய ஒருவர் இல்லை. தம் தொழிலைச் செய்கிறவர்களோடு ஓர் அறையில் உட்கார்ந்து பேசவேண்டும் என்பதைத் தவிர, பாண்டிமீனா வேறு எதையும் விரும்பிக் கேட்டு நான் அறிந்ததில்லை.

பொது நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தொடக்க ஆண்டுகளில் அத்தகைய ஒரு வெள்ளியன்று, வேறொரு நூலகர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்ப்பதற்காக, இரண்டு பேருந்து மாறிக் காரியாபட்டி வரை போயிருக்கிறார். அங்கும் பூட்டித்தான் கிடந்தது. “நமக்கு லீவுன்னா அவுகளுக்கும் லீவுதானேன்னு பஸ்ஸுல ஏறுறப்பத் தோணவே இல்ல. பூட்டப் பாத்தப் பெறகுதேன் சிரிப்பு வந்துச்சு. வாசல்லயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தேன்” என்றார். ஜன்னல் இடுக்கு வழியே உள்ளே எத்தனை அலமாரிகள் என்று எண்ணிவிட்டு வந்ததையும் சொன்னார்.

அதன்பின் அவர் கண்டுபிடித்த வழி, சிவகாசியில் வெள்ளிக்கிழமையும் திறந்திருக்கும் கல்லூரி நூலகம் ஒன்று. அதன் நூலகர் நேசகுமார், அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். தூணருகே நின்று தம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மையாரை யாரோ மாணவியின் தாய் என்று அவர் எண்ணியிருந்தார். ஐந்தாவது வெள்ளியன்று எழுந்து வந்து, “எந்தப் பிள்ளையத் தேடுதீக?” என்று கேட்டார்.

“நானும் லைப்ரேரியன்தான் சார்” என்றாராம் பாண்டிமீனா.

“அட, அப்ப எதுக்கு அங்கன நின்னு எட்டிப் பாக்கீக? உள்ள வாங்கக்கா” என்று நேசகுமார் நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றுமுதல் வெள்ளிதோறும் பதினொரு மணிக்கு அந்த நாற்காலி அவருக்கு உரியது. நூலின் முதுகைக் கருவி தொட்டதும் திரையில் பெயர் தோன்றுவதை அங்கேதான் கண்டார். எனினும் நேசகுமார் வேலை மிகுந்தவர். ஒரு மாணவருக்கும் அடுத்த மாணவருக்கும் இடையே அரை வாக்கியம் பேசுவார்; மீதி அரை வாக்கியம் அடுத்த வாரத்துக்குப் போகும். கேட்க முடியாமற் போன கேள்விகளைப் பாண்டிமீனா ஒரு குறிப்பேட்டில் எண்ணிட்டு எழுதத் தொடங்கினார். சென்ற புரட்டாசியில் அது நாற்பத்து மூன்றாம் எண்ணில் நின்றது. முதல் கேள்வி, நாளிதழ் மேசையின்மீது இருக்கும் அந்த மூன்று நூல்களைப் பற்றியது.

அந்தப் புரட்டாசியில்தான் சுற்றறிக்கை வந்தது. நூலகர்களுக்கு ஐந்து நாள் புத்தாக்கப் பயிற்சி, சென்னையில், தங்கிப் பயில்வது. தீபாவளி கழிந்த மூன்றாம் வாரம் திங்கட்கிழமை தொடக்கம். இதற்குமுன் மூன்று முறை அழைப்பு வந்தும், சாவியைப் பெற்றுக்கொள்ள வேறொரு நூலகர் இல்லாததால் அவர் போகவில்லை. இம்முறை சுற்றறிக்கையில் வயது வரம்பு ஐம்பத்தைந்து என்றிருந்தது. வரும் மாசியில் அவருக்கு அந்த வயது நிறைகிறது.

பக்கத்து ஊர் நூலகர் அருள்பாண்டி, காலையில் தம் ஊரிலும் மாலையில் இங்கும் இருப்பதாக ஒப்புக்கொண்டார். “போய்ட்டு வாங்கக்கா. அம்புட்டையும் கத்துட்டு வந்து எனக்கும் சொல்லுங்க” என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார். சென்னை ரயிலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று. “பொஸ்தகம் அடுக்கப் படிக்க மெட்ராஸ் வரைக்கும் போறாளாம். இங்கன வீட்ல அலமாரி கெடக்கிற கெடையப் பாருங்க” என்று அவர் கணவர் தங்கப்பாண்டியன் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பருத்திக் காட்டு வேலையை விட்டுவிட்டுப் போய்ப் புதிய பை வாங்கி வந்தவரும் அவரே. பாண்டிமீனா சாத்தூர்ச் சேவு இரண்டு கிலோ வாங்கி, முப்பது சிறு பைகளில் போட்டுக் கட்டினார். பயிற்சிக்கு வருகிறவர்கள் முப்பது பேர்.

புறப்படவேண்டிய ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அருள்பாண்டி மதுரையிலிருந்து அழைத்தார். மனைவியின் பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்க, அன்றே வலி கண்டுவிட்டது. “அக்கா, என்ன மன்னிச்சிருங்க” என்று அழுதாராம்.

“மன்னிப்பு என்ன மன்னிப்பு? நீங்க அவுக கூட இருங்க தம்பி. பிள்ளை பெறந்ததும் எனக்குச் சொல்லணும்” என்றார் பாண்டிமீனா. பிறகு வேறு இருவரைக் கேட்டுப் பார்த்தார். ஒருவர் அதே பயிற்சிக்கு ரயில் ஏறவிருந்தார். மற்றவரும் தம் ஊரில் தனி ஒருவர். பயிற்சி நடத்துவோர் அவர் நிலையைக் கேட்டறிந்து, இணையவழியில் பயில்வோர் பட்டியலுக்கு அவர் பெயரை அன்புடன் மாற்றித் தந்தார்கள்.

செய்தி கேட்டு வந்த முத்துப்பேச்சி வாசலிலேயே சண்டைக்கு நின்றார். “அஞ்சு நாளு பூட்டித்தேன் கெடக்கட்டுமே! இத்தன வருசமாப் படிக்காதவுக அஞ்சு நாள்லயா படிச்சுக் கிழிக்கப் போறாக? இல்லாட்டிச் சாவிய என்கிட்டக் குடுங்க. நான் ஒருத்தர் கையையும் பாக்காம உள்ள விடமாட்டேன்.”

பாண்டிமீனா சிரித்தார். “கம்பெனி லீவு விட்ட சமயம். அம்புட்டுப் பேரும் இங்கனதான இருக்கீக. இப்பப் பூட்டுனா எப்பத் தொறக்கிறது?” என்று சொல்லிவிட்டு, சேவுப் பைகளை எடுத்து வந்து, இருந்தவர்களுக்கெல்லாம் வாசலிலேயே கொடுத்தார். தின்று முடித்ததும் எல்லாரையும் மறுபடி கை கழுவச் சொன்னார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நூலகம் நிறைந்திருந்தது. மைப் பெட்டியின்மேல் கைப்பேசி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ரயிலுக்கென்று எடுத்து வைத்த சேலையை அவர் உடுத்தியிருந்தார். கேள்விக் குறிப்பேடு மடியில் இருந்தது. திரையில் சென்னை அரங்கம் தெரிந்தது: வரிசையாக நாற்காலிகள், கழுத்தில் அடையாள அட்டையோடு நூலகர்கள், தேநீர்த் தட்டோடு ஒருவர். இரு பெண்கள் தலை சாய்த்து ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாண்டிமீனா முகத்தைத் திரைக்கு மிக அருகே கொண்டுபோனார். “என்ன பேசிக்கிறாகன்னு கேக்கலம்மா” என்றார் என்னிடம். சற்றுப் பொறுத்து, “ரெண்டாவது வரிசையில ஒரு நாற்காலி காலியாக் கெடக்கு” என்றார்.

வருகைப் பதிவு தொடங்கியது. அரங்கில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பெயரும் ஊரும் சொல்லி அமர்ந்தார்கள். அடுத்து இணையவழியினர். சிறு சிறு சதுரங்களுக்குள் உட்கார்ந்தபடியே ஒருவர் கை உயர்த்தினார். ஒருவர் ஓடும் பேருந்திலிருந்து தலையசைத்தார்.

“பாண்டிமீனா, விருதுநகர் மாவட்டம்.”

அவர் நாற்காலியைப் பின்னே தள்ளினார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, குறிப்பேட்டை மார்போடு அணைத்தபடி நிமிர்ந்து எழுந்து நின்றார். “உள்ளேன், ஐயா.” அவருடைய சதுரத்தில் இப்போது முகம் இல்லை, சேலை மடிப்பு மட்டுமே தெரிந்தது. “உக்காருங்கக்கா, மூஞ்சி தெரியல” என்று முத்துப்பேச்சி கிசுகிசுத்தார். அங்கிருந்து யாரும் உட்காரச் சொல்லவில்லை. அடுத்த பெயர் வாசிக்கப்பட்டது. அதற்கடுத்த பெயரும் வாசிக்கப்பட்டது. அவர் நின்றுகொண்டே இருந்தார்.