வஞ்சிரத்தை மட்டும் வாங்கிய கடை

1. படகுகள் மறுத்த காலை

அடையாற்று மீன் விற்பனையகம் ஒன்றில் நான் கொள்முதல் மேலாளராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, நொச்சிக்குப்பத்துப் படகுகள் எங்களுக்கு மீன் தர மறுத்தன.

நான் சேருமுன்பே தொடங்கியிருந்த நிறுவனத்தின் திட்டம் எளியது. வஞ்சிரம், வவ்வால் போன்ற பெருமீன்களை ஏலத்திற்கு விடாமல் கரையிலேயே கூடுதல் விலைக்கு வாங்கிவிடுவது. கூடைக்காரப் பெண்களுக்கு எஞ்சியது பொடிமீன். ஆனால் மந்தைவெளித் தெருக்களில் வஞ்சிரத்திற்காகக் கூடையை நிறுத்தும் வீடுகளே நெத்திலியையும் வாங்கும். வஞ்சிரமில்லாத கூடையை எவரும் நிறுத்தவில்லை. பெண்கள் ஏலத்திற்கு வருவது குறைந்தது. பொடிமீன் கேட்பாரற்றுக் கிடந்தது.

படகுக்காரர் அந்தோணி வெடித்தார். “உன் பெரிய மீனு என்னிக்கோ ஒருநாள்தான் சார் வலையில வுழும். மத்த நாள்ல என் படகு இன்னா, காத்த குடிச்சிக்கினு ஓடுமா?”

அருகிலிருந்த மீன்காரி மேரியும் என்னை விடவில்லை. “நாளையிலேர்ந்து நான் வூட்டு வேலைக்குப் போறேன் நைனா. நீயே கூடைய தூக்கினு தெருவுல கூவு. உன் கொரலுக்குப் பூனகூட வராது!”

கரையே சிரித்தது. மேரியின் கண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

2. முதலாளியின் அறை

“நாம மீன் கடை வெச்சிருக்கோமா, சங்கம் நடத்தறோமா?” என்றார், பெருமீனை ஏலத்திற்கே விடலாம் என்று நான் சொன்னதைக் கேட்ட முதலாளி.

“அவங்க கூடை நின்னுட்டா படகு நிக்கும். படகு நின்னா நம்ம கடையில விக்க இன்னா இருக்கு சார்?” என்றேன். கரைப்பேச்சு என் நாவிலும் ஏறியிருந்தது.

நெடுநேரம் நான் வாதாடியபின் அவர் இசைந்தார். பெருமீன் மீண்டும் ஏலத்திற்கு வந்தது. பெண்கள் எடுத்ததுபோக மீதியை நாங்கள் வாங்கினோம். அவர்கள் கூடைகளுக்கு எங்கள் ஐஸ் கொடுத்தோம். கடைக்கான பொடிமீனை அவர்களே ஆய்ந்து தந்தார்கள். மேரி வீட்டு வேலைக்குப் போகவில்லை.

3. வேளச்சேரியில்

ஓய்வுபெற்று வேளச்சேரியில் வாழும் எனக்கு இன்று கைபேசியில் சொன்னால் மீன் வீடு தேடி வருகிறது. எடை சரியாக இருக்கிறது. அதை ஆய்ந்த கை யாருடையதென்று தெரிவதில்லை. விடியலில் அந்த மணலில் நின்று வசவு வாங்க மனம் ஏங்குகிறது.

சென்ற மாதம் இரயிலேறி மந்தைவெளிக்குப் போனேன். தெருவில் மீன் கூவி வந்த மேரி என்னைக் கண்டு கூடையை இறக்கினார்.

“கடைக்குப் புது மேனேஜரு வந்துகீறாரு சார். நல்ல புள்ளதான். திட்டுனா மட்டும் மூஞ்ச தூக்கி வெச்சிக்கிறாரு.”

கொள்முதல் திட்டம் வகுக்கும் இளையோரே, நீங்கள் வாங்காமல் விடும் மீனை யார் வாங்குவார் என்பதையும் கேளுங்கள். பதில் வசவாக வந்தால் அகமகிழுங்கள். அவர்கள் இன்னும் உங்களை விட்டுப் போகவில்லை. என்னைத் திட்டத்தான் இப்போது எவருக்கும் காரணமில்லை.